ராசியில்லாத கை

செண்பகராயர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பொறுமை என்றால் என்ன விலை என்று கேட்பவர்.

பக்கத்து நாட்டிலிருந்து அவருக்கு அடுக்குச் செம்பருத்திக் கிளைகள் வந்தன. தோட்டக்காரர் சடையாண்டி அவற்றைக் குச்சி குச்சியாகச் சாய்வாக நறுக்கி, காய்ந்துபோகாமல் இருக்க நுனியில் சாணி உருண்டை வைத்து, நிழலில் வரிசையாக நட்டார். மாதம் ஒன்று போயிற்று. ஒரு குச்சிகூடத் துளிர்க்கவில்லை. பாதி காய்ந்தே போயிற்று.

"நட்டவன் கை ராசியில்லாத கை," என்றார் ராஜா சபையில்.

"அப்படிப்பட்ட கை நாட்டுக்கே ஆகாது, பிரபு. வெட்டிவிடலாம்," என்றார் பிரதானி ஆவுடையப்பர். ராஜா சொல்வதற்கு ஒரு படி மேலே போய்ச் சொல்வதுதான் அவர் பார்த்துவந்த உத்தியோகம்.

"நாளைச் சாயங்காலம் வெட்டுங்கள்," என்று ராஜாவும் சொல்லிவிட்டார்.

சபையில் திருமேனி என்று ஒரு சாமர்த்தியசாலி இருந்தான். அவன் நேரே தோட்டத்துக்குப் போனான். "என்னதான் ஆச்சு அண்ணே?"

சடையாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். "யாருகிட்டச் சொல்ல, சாமி? ராசா தெனமும் காலையில வர்றாரு. வேர் விட்டுருச்சான்னு ஒவ்வொரு குச்சியாப் புடுங்கிப் பாக்குறாரு. பாத்துட்டு அக்கறையாத் திரும்ப நட்டு வச்சிட்டுப் போறாரு."

"இதைச் சபையில சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கையோட போயிருமா?"

அதுவும் நியாயம்தான். தலை தப்பினால் போதும் என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து ராஜா கட்டிலில் சாய்ந்தார். கண் செருகுகிற நேரம் பார்த்துத் தோளைத் தட்டினான் திருமேனி.

"பிரபு, தூக்கம் வந்துவிட்டதா?"

"வந்துகொண்டிருந்தது."

"ரொம்ப நல்லது. தூங்குங்கள்." போர்வையை அக்கறையாக இழுத்துப் போர்த்திவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டினான். "இப்போது வந்துவிட்டதா?"

ராஜா முறைத்துவிட்டுப் புரண்டு படுத்தார். மூன்றாம் தடவை எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா? தட்டித் தட்டி எழுப்பினால் தூக்கம் எப்படியடா வரும்?"

"வந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா, பிரபு? தோட்டத்துக் குச்சிகளும் தினம் காலையில், தாங்கள் இப்போது கேட்ட கேள்வியைத்தான் தங்களிடம் கேட்கின்றன. பாவம், அவற்றுக்கு முறைக்கத் தெரியவில்லை."

ராஜா தம் விரல்களைப் பார்த்தார். அன்று காலையில் பிடுங்கிப் பார்த்த மண் இன்னும் நகக்கண்ணில் இருந்தது. "அப்படியானால் சடையாண்டியை விட்டுவிடச் சொல்," என்றார் மெதுவாக.

அதற்குள் பிரதானி வந்து நின்றார். "விடுவதாவது, பிரபு! கத்தி தீட்டியாயிற்று. ராசியில்லாத கையை வெட்டுவதாகச் சபையிலேயே சொல்லிவிட்டீர்கள். அரச வாக்கு பொய்க்கலாமா?"

"கூடவே கூடாது," என்றான் திருமேனி. "அந்தக் குச்சிகளைக் கடைசியாக நட்ட கை எது என்று மட்டும் மன்னர் சொல்லட்டும். உடனே வெட்டிவிடலாம்."

ராஜா சட்டென்று இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்ததும், சடையாண்டிக்குக் கொஞ்சம் நிலமும் திருமேனிக்கு ஒரு பட்டும் கொடுக்கச் சொன்னார். கைகளை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

"வாக்கு ஒரு தடவை பொய்த்துவிட்டுப் போகட்டும், ஆவுடையப்பரே," என்றார். "குடி ஒன்றும் முழுகிவிடாது."