கத்தரிச் செடிக்குச் சாம்பல்

அங்காத்தாள் எட்டு மாசமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்து மடத்தில் மத்தியானக் கஞ்சியைக் குடிப்பாள். தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். மடத்தை நடத்தும் சாமி முன்னால் போய் உட்கார்ந்து, மனசு எப்போது ஆறும் என்பாள்.

சாமிக்கு அவளைவிட இருபது வயசு குறைவு. தாடி கிடையாது, காவி கிடையாது, சாயம் போன சட்டைதான். அவருக்கும் அலுப்பு. சில நாள் தெரியாது என்பார். சில நாள் வாயே திறக்க மாட்டார். அவள் எழுந்து போய்விடுவாள். மறுநாள் வருவாள்.

அன்றைக்கு அவள் கேட்டதும், கத்தரிச் செடியில் பூச்சி விழுந்திருக்கிறது, ஒரு முறம் சாம்பல் வேண்டும் என்றார் சாமி. மடத்துக்குக் கேஸ் அடுப்பு வந்து மூன்று வருசமாகிறது. அங்கே ஏது சாம்பல்?

சாம்பல் அங்காத்தாள் வீட்டில் இருந்தது.

அவள் மகள் கோதைநாயகி கடைசியாக மூட்டிய அடுப்பின் சாம்பல் அது. காலையில் ரசம் வைத்தாள், மத்தியானம் காய்ச்சலென்று படுத்தாள், ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரில்லாமல்தான் திரும்பினாள். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களை அங்காத்தாள் அந்த அடுப்புப் பக்கமே விடவில்லை. வாசலில் கல் கூட்டிச் சமைத்துக்கொள்ளச் சொன்னாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். சொன்னால் சொல்லட்டும். அதிலிருந்து மத்தியானம் மடத்துக் கஞ்சி, பொழுது சாய்ந்தால் கடை இட்லி இரண்டு. சாம்பல் மட்டும் கோதை விட்டபடியே அடுப்புக்குள் கிடந்தது.

"அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கிட்டு வாரனுங்க சாமி."

"சரி, வாங்கிட்டு வாங்க."

தெரு முழுக்க அலைந்தாள். ஒரு வீட்டிலும் விறகடுப்பு இல்லை. எந்தக் காலத்தில் இருக்கிறாய், பாத்திரம் தேய்க்க சோப்பு வேண்டுமானால் தருகிறோம் என்று ஒரு வீட்டில் சிரித்தார்கள். கடைசி வீட்டுக்காரிதான் உள்ளதைச் சொன்னாள்.

"ஊருக்குள்ள உங்க வீட்டுலதானே அக்கா சாம்பல் இருக்குது."

வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வேறு யாராவது கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். கேட்டது சாமி. அள்ளினாள். ஒரு கைப்பிடியை மட்டும் தகரச் சம்படத்தில் போட்டு மூடி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

இலையில் பனி ஈரம் இருக்கும்போது தூவினால்தான் சாம்பல் ஒட்டும். அதனால் சாமி மறுநாள் விடிந்ததுமே வரச் சொல்லியிருந்தார். அவள் முறத்தில் கொண்டுவந்ததிலிருந்து கரித்துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி அவளிடமே கொடுத்தார்.

"நீங்க தூவலீங்களா?"

"எனக்கு முதுகு வலிக்குது."

ஒவ்வொரு இலையாகத் தூக்கி, பூச்சி ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்தில் துணியைத் தட்டினாள். முதல் செடியில் மனசில்லாமல் மெல்லத் தட்டினாள். ஐந்தாவது செடியில் அது மறந்து இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. பத்தாவது செடியில் பிஞ்சொன்று புழு துளைத்துக் கிடந்தது. கிள்ளிப் போட்டுவிடவா என்று கேட்டாள். கிள்ளச் சொன்னார்.

பதினாறாவது செடியோடு துணி காலி. உதறிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"தீந்துபோச்சுங்க சாமி. அவ மூட்டுனதுல இனி ஒண்ணுமில்ல."

காலித் துணியை மடித்து மடியில் வைத்தவள் மறுபடி அவரைப் பார்த்தாள்.

"பொய்யிங்க. ஒரு கைப்பிடி எடுத்து வச்சிருக்கறனுங்க. போய்க் கொண்டாரட்டுங்களா?"

சாமி அவளைப் பார்க்கவில்லை. சாம்பல் படாமல் நின்ற செடிகளைப் பார்த்தார்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார். "இன்னும் நாலு செடி பாக்கி. போய் அடுப்பு மூட்டுங்க, தாயி."