மிராசுதாரின் மௌன விரதம்

வாயால் சேர்த்த கர்மத்தை மௌனத்தால் கரைக்கப் போவதாக மிராசுதார் தில்லைநாயகம் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தார். பேச்சுக்குப் பதில் சிலேட்டு. அதில் அவர் எழுதும் வசவையெல்லாம் உரக்க வாசிப்பது காத்தானின் வேலை. பண்ணையாட்களில் எழுத்துத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

கடைசி நாள் கோயில் மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. மிராசுதார் எழுதி நீட்டினார். காத்தான் வாசித்தான்: "இத்தனை நாளும் திட்டியது உன் வாய். பாவம் உனக்கு, புண்ணியம் எனக்கு. பாவிக்கு என் பண்ணையில் இனி வேலை இல்லை."

"வாஸ்தவம்தான் எஜமான். அப்போ என் பாவத்தை நானும் கரைக்கணுமே" என்ற காத்தான், சிலேட்டைத் துடைத்து எழுதி அவர் கையில் கொடுத்தான். அதில் இருந்தது:

"இந்த நிமிஷம் முதல் எனக்கும் மௌனம். நான் எழுதுவதை நீங்கள்தான் உரக்க வாசிக்கணும். முதல் வரி: மிராசுதார் ஒரு தடிக்கழுதை."

"யாரைடா கழுதைங்கிறே, படவா!" மண்டபமே அதிர்ந்தது.

குருக்கள் பஞ்சாங்கத்தை மூடினார். "விரதம் போச்சு. இன்னிக்கு மறுபடியும் ஒண்ணாம் நாள்."

வாசிக்க வேறு ஆள் ஏது? மிராசுதார் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: "காத்தா, வேலைக்கு வந்து தொலை."

தன் விரதத்தை அத்தோடு முடித்துக்கொண்ட காத்தான், தொண்டையைச் செருமி உரக்க வாசித்தான்: "காத்தான் அவர்களே, தயவுசெய்து வேலைக்கு வாருங்கள்."

மிராசுதார் வாயைத் திறந்தார். குருக்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.