பூபாலர் போட்ட நாற்காலி

ஒலிபெருக்கி கட்டும் தொழில் செய்த சவரிமுத்து, இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில் எனக்குச் சொன்ன கதை இது. அவர் ஆற்றின் தென்கரையைச் சேர்ந்தவர்.

ஒன்பதாண்டுப் போர் ஓய்ந்திருந்த காலம். தென்கரையில் செல்வாக்குப் பெற்ற குடைக் கட்சியின் தலைவர் பூபாலர், தம் ஆசான் மங்கையம்மையைக் காண வந்தார். வயதில் அம்மை அவருக்கு இளையவர்.

"உடன்பாட்டில் கையெழுத்திட்டோம், அம்மா. துப்பாக்கிகளையும் ஒப்படைத்துவிட்டோம். அமைதிக்காக என் கட்சி இன்னும் செய்ய என்ன இருக்கிறது?"

"வடகரை ஏணிக் கட்சியினர் உங்கள் ஊரில் கூட்டம் போடுகிறார்களா?"

"நாளை மாலை, சந்தைத் திடலில். அவர்கள் தலைவர் திருமேனி பேசுகிறார்."

"போர் மூண்டதும் அந்தத் திடலில்தானே?"

"ஆம். அன்று பேசிக்கொண்டிருந்த ஏணிக் கட்சிக்காரர்மேல் எங்கள் ஆள் ஒருவன் கல்லெறிந்தான்." பூபாலரின் குரல் தாழ்ந்தது. "நாளையும் சிலர் மடியில் கல்லோடு வருவார்கள். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை."

அம்மை உள்ளே சென்று ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இது எதற்கு, அம்மா?"

"உட்காருவதற்கு."

"எங்கே?"

"கல் போகும் வழியில்."

மறுநாள் மாலை, மேடைக்கும் தம் ஆட்களுக்கும் நடுவே நாற்காலியை விரித்து அமர்ந்தார் பூபாலர்.

"தலைவரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"மறைக்கத்தானடா வந்திருக்கேன்."

எதிரிலேயே ஆள் கிடைத்துவிட்டதில் திருமேனிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மழை வந்தால் இவர்கள் குடைக்குள் ஒருத்தருக்குத்தான் இடம். அந்த ஒருத்தர் யார்? இதோ, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்!"

முதல் சிரிப்பு பூபாலரின் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் எழுந்தது.

விடிந்ததும் பூபாலர் நாற்காலியை அம்மையிடம் திருப்பித் தர வந்தார்.

"மூன்று மணி நேரம் திட்டினார், அம்மா. என் மூக்கைக்கூட விட்டுவைக்கவில்லை."

"பிறகு?"

"மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு சுகமாக வீடு போய்ச் சேர்ந்தார்."

"நல்லது."

"நான் பதில் சொல்ல வேண்டாமா?"

"கட்டாயம் சொல்லுங்கள். அவர் ஊரில் கூட்டம் போட்டுச் சொல்லுங்கள்."

பூபாலர் நாற்காலியைச் சுவரோரம் சாய்த்தார். அம்மை அதை எடுத்து மீண்டும் அவரிடமே நீட்டினார்.

"அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது இதைத் திருமேனியிடம் கொடுத்துவிடுங்கள்."

வடகரையில் இக்கதையைத் தலைகீழாகச் சொல்வார்கள். முதலில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர் தங்கள் திருமேனியே என்றும், நாற்காலி கடைசியில் பூபாலரிடம் போனது என்றும் அவர்கள் கூறுவர். இதை நான் சொன்னதும் சவரிமுத்து என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.