ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்த பிள்ளை

பிள்ளை எனக்கு, உனக்கு என்று ரெண்டு பேர் அடித்துக்கொண்ட கதை ஊரில் ஏராளம் உண்டு. "நீயே வைத்துக்கொள்" என்று ரெண்டு பேரும் போட்டி போட்டு விட்டுக்கொடுத்த கதையைக் கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இதைக் கேளுங்கள். முடிவில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், பாதியில் எழுந்து போய்விடக் கூடாது.

திருநெல்வேலி டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற கோமதிக்கும், பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற நயினாருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. ஏன் ஆனது என்று என்னைக் குடையாதீர்கள். ரெண்டு பேரும் தங்கமானவர்கள்தான், ஒரே கூரைக்குக் கீழே மட்டும் ஒத்துவராது. அப்படியும் மனிதர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள். ஒரே மகள் நிவேதிகா மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் யாரிடம் வளர்வது என்கிற வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே கிடந்தது. அதுவரைக்கும் பள்ளி நாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம் என்று ஏற்பாடு.

கோர்ட்டு சமாச்சாரமெல்லாம் நிவேதிகாவுக்குப் புரியவில்லை. அவளைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஒரு சொல். ஒரு சனிக்கிழமை அப்பாவிடம், நம்ம வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று ஆசையாகச் சொன்னாள். எந்த வீட்டில் என்று அவர் கேட்க, டவுன் வீட்டில் என்றாள். நயினார் முகம் சுண்டிப்போயிற்று.

"அது நம்ம வீடு இல்ல பாப்பா. உங்க வீடு."

அடுத்த வாரம் அம்மாவிடம் போய், நம்ம வீட்டு மாடியில் அப்பா ஊஞ்சல் கட்டியிருக்கிறார் என்றாள். அங்கேயும் அதே பாடம்தான் நடந்தது. அது நம்ம வீடு இல்லையாம், உங்க வீடாம். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை அது. பெரியவர்கள் 'உங்க வீடு' என்றால், தான் சொல்லும்போது 'எங்க வீடு' என்றுதானே சொல்ல வேண்டும்? அன்றிலிருந்து அப்பாவிடம் டவுன் வீட்டைப் பற்றிப் பேசினாலும் எங்க வீடு, அம்மாவிடம் பாளையங்கோட்டை வீட்டைப் பற்றிப் பேசினாலும் எங்க வீடு. அப்படிச் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைப் பார்த்தாள். சரியாகத்தானே சொல்கிறோம், இன்னும் என்ன குறை என்று அவளுக்கு விளங்கவே இல்லை, பாவம்.

வழக்கு முடிவாகிற நாள் வந்தது. நீதிபதி வயதான அம்மாள், பதமாகப் பேசுகிறவர். பெற்றவர்களை முதலில் அறைக்குள் கூப்பிட்டார். நிவேதிகாவை வெளியே பெஞ்சில் ஒரு பெண் போலீஸ் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அம்மாவா அப்பாவா என்று தன்னிடம் கேட்பார்களே, யார் பேரைச் சொன்னாலும் இன்னொருவர் அழுவாரே என்று அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக்கோ பாதிக் கதவுதான். உள்ளே பேசுவது அப்படியே கேட்டது.

"பிள்ளை அவ அம்மாட்டயே இருக்கட்டும்மா" என்றது அப்பாவின் குரல். "என்கிட்ட பேசும்போதே அந்த வீட்டை எங்க வீடுன்னுதான் சொல்லுதா. மனசு அங்க இருக்கு. எனக்கு வேண்டாம்."

கோமதி பதறிப்போய் மறுத்தாள். தன்னிடம் பேசும்போது அவர் வீட்டைத்தான் எங்க வீடு என்கிறாள், தன்னை ஒரு பேச்சுக்குக்கூடச் சேர்த்துக்கொள்வதில்லை என்றாள். "அவர்ட்டயே இருக்கட்டும்மா. எனக்கும் வேண்டாம்."

சொல்லும்போது ரெண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். ஆனால் கதவுக்கு வெளியே கண்ணீர் தெரியுமா? வேண்டாம், வேண்டாம் என்று ரெண்டு தடவை கேட்டது, அவ்வளவுதான். நிவேதிகா அழவில்லை. அழுகிற நேரமா அது? இனி எங்கே போவது என்று யோசிக்க வேண்டுமே. பெரியம்மா மகள் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஒருமுறை அவளைப் பார்க்க இவளும் கூடப் போயிருக்கிறாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். அங்கே மகளோடு சேர்ந்து மூன்று பேரும் வேப்பமரத்தடியில் புளியோதரை சாப்பிட்டார்கள். அது அவளுக்கு நினைவு வந்தது.

எழுந்தாள். போலீஸ் அக்கா பிடிப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு நீதிபதி முன்னால் போய் நின்றாள்.

"நான் ஹாஸ்டலுக்குப் போறேன் மேடம். யாருக்கும் கஷ்டம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை மட்டும் அப்பாவும் அம்மாவும் ஒரே பஸ்ல வரணும்னு நீங்க சொல்லிருங்க."



இப்போது நீங்கள் சொல்லுங்கள். மகள் மனசு அங்கே இருக்கிறது என்று நம்பி அப்பா விட்டுக்கொடுத்தார். அதையே நம்பி அம்மாவும் விட்டுக்கொடுத்தாள். ரெண்டு பேருக்கும் பாரமாக இருக்க வேண்டாம் என்று மகள் ரெண்டு வீட்டையும் விட்டுக்கொடுத்தாள். இதில் யார் செய்தது சரி?

எனக்குத் தோன்றுகிற பதில் இதுதான். பெற்றவர்கள் விட்டுக்கொடுத்தது பாசத்தினால்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் மனசை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நிவேதிகாவோ தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டாள். ஹாஸ்டல் என்றது தப்பு, ரெண்டு பேரும் வேண்டும் என்றது சரி. நீதிபதியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஹாஸ்டல் கிடையாது, ரெண்டு வீட்டிலும் இருந்துகொள் என்றார். பிறகு பெற்றவர்கள் பக்கம் திரும்பி, என்னிடம் வேண்டாம் என்றீர்களே, அதை இவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நயினார் மகள் பக்கத்தில் வந்து நின்றார். கோமதி தரையிலேயே உட்கார்ந்து மகளை மடிக்கு இழுத்து, "நீ எனக்கு வேணும்ட்டி. அப்பாவுக்கும் வேணும்" என்றாள். அதற்கப்புறம்தான் நிவேதிகா அழுதாள்.