விட்டம் ஏறும் சொல்

சம்பந்தியம்மாளையே குருவாக ஏற்க வேண்டி வந்தது மாசிலாமணிக்கு.

அவருடைய மகள் மணிமொழி வாக்கப்பட்டிருந்தது பொலிவிய மலைமேட்டில், அய்மாரா மொழி பேசும் ஓர் ஊரில். அவளுடைய புது வீட்டுக்கு மறுநாள் விட்டம் ஏற்றுகிறார்கள். விட்டம் ஏறும்போது பெண்ணின் தகப்பன் மண்ணை வாழ்த்தி ஒரு சொல் சொல்ல வேண்டும். சொல் சரியாக விழுந்தால் ஊரே அதைத் திருப்பிச் சொல்லும். விழாவிட்டால் ஊர் வாய் திறக்காது. வாழ்த்தில்லாமல்தான் கூரை மூடும்.

அந்தச் சொல்லின் முதல் எழுத்துதான் தகராறு. ஒரு விதமான 'ச்'.

மாசிலாமணி திண்டுக்கல்லில் காலமெல்லாம் இந்தி வாத்தியார். "சகரத்திலேயே நாலு தினுசு பார்த்தவன் நான்" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்கு உட்கார்ந்தார். மகளிடம் கற்ற அரைகுறை ஸ்பானிஷில் பேச்சு ஓடியது.

சம்பந்தியம்மாள் சாந்துசா அந்த ஊர்ப் பள்ளியில் மொழி ஆசிரியை. அவரைவிட வயதில் இளையவள். அவர் உள்ளங்கையில் துளி ஆட்டு ரோமத்தை வைத்தாள்.

"சொல்லுங்க. இது பறக்கக் கூடாது."

மாசிலாமணி மூச்சைத் திரட்டிச் சொன்னார். ரோமம் பறந்துபோய் அவள் தொப்பி விளிம்பில் ஒட்டிக்கொண்டது.

"எழுத்தைச் சொல்லலை சம்பந்தி. அடுப்பு ஊதுறீங்க."

"இன்னும் பலமாச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. தொப்பியும் பறக்கட்டும்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரல் தாழ்ந்தது.

"நாளைக்கு என் பொண்ணு தலை குனியக் கூடாதும்மா. எழுத்து எங்கே பிறக்குது? நாக்கிலயா, அண்ணத்திலயா?"

சாந்துசா தொப்பியிலிருந்த ரோமத்தை எடுத்து நூற்கத் தொடங்கினாள்.

காலையில் ஊரே கூடியது. பெண்ணின் தகப்பனுக்கென்று மரியாதையாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மாசிலாமணி உட்காரப் போனார். சாந்துசா நாற்காலியைத் தூக்கி அடுத்த வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"வாங்க. அந்தப் பக்கம் தோள் குடுங்க."

"நானா? இந்த மலையில நடந்தாலே எனக்கு மூச்சு இளைக்குதே."

"அதனாலதான்."

எல்லோரும் சேர்ந்து விட்டத்தைத் தூக்கினார்கள். கனம் அவர் தோளில் இறங்கியது. மூச்சு நெஞ்சிலேயே நின்றது. தொண்டை தானாகப் பூட்டிக்கொண்டது.

விட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாந்துசா சொன்னாள்: "இப்போ."

அவர் சொன்னார். காய்ந்த சுள்ளி முறிவதுபோல எழுத்து உடைந்து வெளியே வந்தது. அதில் காற்றே இல்லை.

பிறகு ஊர் முழுக்க அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னது. சுவர்மேல் நின்ற மணிமொழி கைதட்டினாள். விட்டம் ஏறி உட்கார்ந்தது.

மாசிலாமணி தரையில் அமர்ந்து, மூச்சு திரும்பும்வரை சிரித்தார்.

"மூச்சை அடக்கிச் சொல்லணும்னு நேத்தே சொல்லியிருக்கலாமே, சம்பந்தியம்மா."

"சொல்லியிருந்தா எழுத்து நேத்தே வந்திருக்கும்" என்றாள் சாந்துசா. "இன்னைக்கு விட்டத்தை யார் தூக்கியிருப்பா?"