அனுமார் வாலை அலசியது

எங்கள் நாடகக் கம்பெனியில் இலங்கை எரிகிற அன்று, பக்கத்து ஊர்ச் சேவல்கள் விடிந்துவிட்டதென்று கூவும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதி வெளிச்சமே போதும். ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் முகத்தில் அந்தச் சூடு இன்னும் இருக்கிறது. இப்போது எந்த மேடையில் அப்படி எரிகிறது?

அனுமார் வேஷம் கோதண்டபாணிக்கு. பேரன் எடுத்தவன், ஆனாலும் வாத்தியார் முன்னால் சிஷ்யன்தான். சீதை வேஷம் வாத்தியார் தாண்டவராயருக்கு. அறுபது வயதிலும் அவர் தலைகுனிந்து உட்கார்ந்தால் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்கும்.

வாலின் நுனியில் மட்டும்தான் எண்ணெய்ப் பந்தம். வாலின் மீதியையும் மற்ற உடுப்புகளையும் வாத்தியார் வெங்காரமும் போரிக் பொடியும் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார். காய்ந்தால் அப்பளம் போல மொடமொடக்கும்.

ஒரு நாள் மத்தியானம் வாலைத் தடவிப் பார்த்தார். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது.

“கோதண்டம், இதை என்ன பண்ணினே?”

“குளத்துல அலசினேன், வாத்தியாரே. விரதம் இருந்து கட்டுறது. சுத்தபத்தமா இருக்க வேணாமா?”

வாத்தியார் வாலில் ஒரு துண்டு கிழித்துத் தீக்குச்சியைக் காட்டினார். பொசுக்கென்று போயிற்று. அரக்கர் உடுப்பிலும் ஒரு துண்டு கிழித்தார். அதை எவனும் அலசுவதில்லை. அது கறுத்தது. குச்சியை விலக்கியதும் தீ பரவாமல் அப்படியே நின்றுவிட்டது.

கோதண்டபாணி அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இத்தனை வருஷம் சாமிதான் என்னைக் காப்பாத்துதுன்னு நெனச்சேன். வெறும் பொடிதானா?”

வாத்தியார் அண்டாவை அடுப்பில் ஏற்றினார்.

“ஊறப்போட வேணாம், வாத்தியாரே. இன்னைக்கு இப்படியே கட்டிக்கிட்டுப் போறேன்.”

“வெந்துபோவே.”

“வேகட்டும். எனக்குத் தெரிஞ்சாகணும். அனுமாருக்குச் சுட்டுச்சா?”

“சுடலைதான். ஏன் சுடலை?”

“சீதை அக்கினிகிட்ட வேண்டிக்கிட்டா.”

“நம்ம கம்பெனியில சீதை யாரு?”

“நீங்கதான்.”

வாத்தியார் பொடியைக் கொட்டி, துடுப்பால் துழாவ ஆரம்பித்தார்.

“வேண்டிக்கிட்டிருக்கேன். குறுக்கே பேசாம வாலை இப்படிக் கொடு.”