பந்துக்குள்ளிருந்து வந்த தீர்ப்பு

செம்பி என்ற முயலுக்கு மூன்று குட்டிகள். மூன்றும் நேற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

காட்டில் குளம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன் கீழ்த்துறையில் ஒரு யானை படுத்திருந்தது! இரண்டு நாளாக அங்கேயே புரண்டு, தண்ணீர் முழுவதையும் சேறாக்கி வைத்திருந்தது. மேல்துறையோ ஆழம். முயல்குட்டி இறங்கினால் மூழ்கிவிடும்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. கோடையில் கீழ்த்துறை சிறு பிராணிகளுக்கு மட்டுமே. விலங்குகள் எல்லாம் ஆலமரத்தடியில் கூடி, ஆளுக்கொரு புளியங்கொட்டையை வாக்காகப் போட்டு நிறைவேற்றிய சட்டம் அது. யானைக்கும் ஒரு கொட்டை, அணிலுக்கும் ஒரு கொட்டை. பெருங்கொம்பன் என்ற அந்த யானை காட்டின் தலைவரானதும் அதே கொட்டைகளால்தான். வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்ல முள்ளெலியை நீதிபதியாக்கியதும் அவைதான்.

அட, முள்ளெலியா? ஒரு மாங்காய் அளவுகூட இருக்காது! பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். யானைமேல் வழக்கென்றால் அது என்ன செய்யும் பாவம்?

"ஏழை சொல் அம்பலம் ஏறாது, செம்பி! பேசாமல் வேறு காட்டுக்குப் போய்விடு" என்றது அணில்.

"இந்த வெயிலில் மூன்று குட்டிகளோடு எங்கே போவேன்? வழியிலேயே செத்துவிடும்!" என்ற செம்பி, நேரே முள்ளெலியிடம் போய்ப் புகார் கொடுத்தது.

அன்று காலையே ஆலமரத்தடியில் வழக்கைக் கேட்கச் சபை கூடியது. முள்ளெலி கறையான் புற்றின்மேல் ஏறி உட்கார்ந்தது. தரை அதிர அதிர யானை வந்தது. அதன் நிழலிலேயே நரியும் வந்தது. முள்ளெலி நிமிர்ந்து பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் பந்தாகச் சுருண்டுவிட்டது!

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "பார்த்தீர்களா தலைவரே, நீதிபதியின் லட்சணத்தை! வல்லான் வகுத்ததே வாய்க்கால். இதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் என்னை வையுங்கள்!"

இனி குட்டிகள் பிழைக்காது என்றே செம்பி நினைத்தது.

அப்போது பந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்குப் பயம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் என்னை நீக்கத் தலைவருக்கு அதிகாரம் இல்லை. சட்டம் அப்படி. வழக்கு நடக்கட்டும்!"

கூட்டத்துக்கு எங்கிருந்துதான் வீரம் வந்ததோ! "அப்படிப் போடு! விசாரணை என்ன வேண்டிக் கிடக்கிறது? யானையைக் காட்டைவிட்டே விரட்டுங்கள்!" என்று குரங்குகள் குதித்தன. செம்பியும் சேர்ந்து கத்தியது.

"சத்தம் போடாதீர்கள்!" என்றது பந்து. "முயல் சொன்னதைக் கேட்டேன். யானை சொல்வதையும் கேட்பேன். கேட்காமல் தீர்ப்பு இல்லை."

செம்பி வெட்கத்தோடு காதுகளை மடக்கிக்கொண்டது.

யானை முதுகைத் திருப்பிக் காட்டியது. பெரிய புண்! "உண்ணி கடித்துப் புண்ணாகிவிட்டது. சேற்றில் படுத்தால்தான் எரிச்சல் அடங்குகிறது. மேல்துறையில் சேறு ஏது?" என்றது.

பந்து தீர்ப்புச் சொன்னது: "புண்ணுக்குச் சேறு வேண்டும்தான். மறுகரையில் தலைவர் ஒரு குழி வெட்டிக்கொள்ளட்டும். கீழ்த்துறையை இந்தக் கணமே விட்டுவிட வேண்டும். கலக்கியவரே ஊற்றுத் தோண்டி, உடனே குட்டிகளுக்குத் தெளிந்த தண்ணீர் தர வேண்டும்!"

யானை முன்காலைத் தூக்கியது. ஒரே மிதிதான், புற்றும் இருக்காது, நீதிபதியும் இருக்காது.

"மிதியுங்கள் தலைவரே!" என்று கத்தியது நரி.

யானை பந்தைப் பார்த்தது. ஆலமரத்தின் வேரடியில் குவிந்து கிடந்த புளியங்கொட்டைகளைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது.

"இதை மிதித்தால், என்னைத் தலைவராக்கிய கொட்டைகளையும் சேர்த்தல்லவா மிதிப்பேன்!" என்றது.

தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தது. பிறகு முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டு, "தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன்" என்றது.

செம்பிக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரும் அந்த யானையைத் தள்ளவில்லை. யாரும் கட்டிப் போடவில்லை. ஆனாலும் மலைபோன்ற உடம்பு ஒரு மாங்காயளவுப் பந்தின் முன்னால் பணிந்திருந்தது! யானையைவிடப் பெரிய ஏதோ ஒன்று அந்த மரத்தடியில் இருப்பதைச் செம்பி அன்றுதான் கண்டது.

உச்சிப்பொழுதுக்குள் யானை கரை மணலில் ஊற்றுத் தோண்டியது. மூன்று குட்டிகளும் அதன் கால்களுக்கு நடுவிலேயே நின்று வயிறு முட்டக் குடித்தன. முள்ளெலி மட்டும் யானை அக்கரைக்குப் போகும்வரை சுருள் அவிழ்க்கவே இல்லை. நரி போன திசை யாருக்கும் தெரியாது.

ஆள்பவரும் சட்டத்துக்குக் கீழே நிற்கும் இடத்தில்தான் ஏழை சொல்லும் அம்பலம் ஏறும்.